ஒவ்வும் உணவும் ஒவ்வாப் புரதமும்
(மரபணு மாற்றுப் பயிர்களில் ஒவ்வாமை ஆய்வு: ஓர் அறிமுகம்)

முன்னுரை

உணவையே மருந்தாகக் கொண்டு வாழ்ந்தது தமிழினம். மருந்துக்கெனத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதில் மூலிகை எதனையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. உண்ணும் நெறியையே முதன்மையாகப் பேசுகின்றார். முன் உண்டது செரித்ததா என அறிதல், பசி அளவறிதல், உடலோடு முரண்படாத உணவைத் தெரிந்து கொள்ளல் என்பனவே அவர் காட்டும் வழிகள். இவற்றுள் மூன்றாவதாகக் கூறப்பட்ட முரண்பாடு இன்று மருத்துவ உலகில் பெரிதும் ஆராயப்படும் பொருளாகும். அதனையே நாம் ஒவ்வாமை என்கிறோம்.

வள்ளுவர் காலத்து உழவன், தன் தந்தை விதைத்த விதையையே தானும் விதைத்தான். இன்றோ ஓர் உயிரின் மரபணுவை எடுத்து மற்றோர் உயிரில் பொருத்தும் கலை கைவந்துள்ளது. மண்ணில் வாழும் நுண்ணுயிரியின் மரபணு கத்தரிச் செடிக்குள் புகுகின்றது. கீரை விதையின் மரபணு உருளைக்கிழங்கிற்குள் நுழைகின்றது. மரபணு புகுமிடத்தில் அது ஆக்கும் புரதமும் தோன்றும். முன்னர் அவ்வுணவில் இல்லாத அப்புரதம், உண்பவர் உடலுக்கு ஒவ்வுமா, ஒவ்வாதா? அதனை விற்பனைக்கு வரும் முன்பே அறிய இயலுமா? இவ்வினாக்களுக்கு அறிவியல் கண்டுள்ள விடைகளையும், அவ்விடைகளின் எல்லைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒவ்வாமை: சொல்லும் பொருளும்

ஒத்தல், பொருந்துதல் எனப் பொருள்படும் ‘ஒவ்வு’ என்னும் வினையடியின் எதிர்மறைத் தொழிற்பெயரே ஒவ்வாமை. மேலைநாட்டார் வழங்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-இல் ஆக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வான் பிர்கே என்னும் குழந்தை மருத்துவர். ‘மாறுபட்ட வினை’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஒருவருக்கு அமுதாவது மற்றொருவருக்கு நஞ்சாகும் நிலையை இரு மொழியாரும் தத்தம் வழியில் குறித்துள்ளனர்.

எனினும் நஞ்சு வேறு, ஒவ்வாமை வேறு. நஞ்சு உண்டார் யாவரையும் அளவுக்கேற்பத் தாக்கும். ஒவ்வாமையில் குற்றம் உணவில் மட்டும் இல்லை; உண்பவர் உடலின் காவல் அமைப்பும் அதில் பங்கு கொள்கிறது. தீங்கற்ற ஒரு புரதத்தைப் பகைவன் எனத் தவறாக உணரும் உடல், அதற்கெதிராக ‘இம்யூனோகுளோபுலின்-ஈ’ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகின்றது. அது திசுக்களிலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்து நிற்கும். முதன்முறை உண்டபோது வெளிப்படையாக ஒன்றும் நிகழாது. மீண்டும் அதே புரதம் உட்புகும்போது, காத்திருந்த செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு என அறிகுறிகள் தொடரும். சிலருக்குக் குருதி அழுத்தம் திடுமெனச் சரிந்து உயிருக்கே இடர் நேர்வதும் உண்டு. அந்நிலையில் அட்ரினலின் ஊசி உடனே கிடைக்காவிடில் உயிரிழப்பும் நேரலாம். ஆகவே இது வெறும் அரிப்பைப் பற்றிய ஆய்வன்று. உயிரைப் பற்றிய ஆய்வாகும்.

வேர்க்கடலை கற்பிக்கும் பாடம்

நம் செஞ்சி வட்டாரம் மணிலாவுக்குப் பெயர் பெற்றது. கிழக்கே திண்டிவனத்தில் அமைந்துள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. இரகங்கள் நாடெங்கும் பயிரிடப்பட்டவை. அப்பெயரிலுள்ள எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பன. நம் வீடுகளில் வறுத்தும் அவித்தும் துவையலாக்கியும் உண்ணும் இக்கடலையே மேலைநாடுகளில் மிகக் கொடிய ஒவ்வாமை தரும் உணவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் ஒவ்வாமைப் புரதங்களுக்கு ‘அரா எச் 1’, ‘அரா எச் 2’ என வரிசைப் பெயரிட்டு ஆய்ந்துள்ளனர்.

வேர்க்கடலை நம் மண்ணில் தோன்றியதன்று; தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. அது வந்த நாளில் எவரும் அதற்கு ஒவ்வாமை ஆய்வு செய்யவில்லை. இன்றைய ஆய்வு விதிகளை அன்று பொருத்தியிருந்தால் வேர்க்கடலை தேறியிருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அது கோடிக்கணக்கான ஏழை மக்களின் புரத உணவாக விளங்குகின்றது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். மரபணு மாற்றம் செய்யாத பழைய உணவும் ஒவ்வாமை தரலாம் என்பது ஒன்று. ஒவ்வாதவர் தமக்கு ஒவ்வாதது எதுவென அறிந்து விலக்க முடியுமாயின் ஏனையோர் அதனை அச்சமின்றி உண்ணலாம் என்பது மற்றொன்று. கடலை ஒவ்வாதவர் கடலையைக் கண்ணால் கண்டு ஒதுங்குவர். கடலையின் புரதம் கத்தரிக்காய்க்குள் ஒளிந்திருந்தால் அவர் எங்ஙனம் ஒதுங்குவார்? மரபணு மாற்றுப் பயிர்களைக் குறித்த தனிச் சிக்கல் இவ்விடத்தேதான் பிறக்கின்றது.

பிரேசில் கொட்டையும் சோயாவும்

இவ்வச்சம் கற்பனையன்று என்பதற்கு 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சான்று. சோயா மொச்சையில் மெதியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. கால்நடைத் தீவனத்தின் தரத்தை உயர்த்தக் கருதிய பயனியர் என்னும் அமெரிக்க விதை நிறுவனம், மெதியோனின் செறிந்த புரதம் ஒன்றின் மரபணுவைப் பிரேசில் கொட்டையிலிருந்து எடுத்துச் சோயாவில் பொருத்தியது. பிரேசில் கொட்டை சிலருக்கு ஒவ்வாதது என்பது முன்பே அறியப்பட்டிருந்தமையால், நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர் துணையுடன் சோதனை நடந்தது. அக்கொட்டை ஒவ்வாத 9 பேரின் குருதி நீரைச் சோதித்ததில், 8 பேரின் எதிர்ப்பொருள்கள் புதிய சோயாவிலிருந்த புரதத்தைப் பற்றிக் கொண்டன. மூவருக்குச் செய்த தோல் சோதனையும் அதனையே உறுதிப்படுத்தியது.

நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது. அச்சோயா சந்தைக்கு வரவேயில்லை. எதிர்ப்பாளர்கள் இந்நிகழ்வை மரபணு மாற்றத்தின் தீமைக்குச் சான்றாகக் காட்டுவர். ஆதரவாளர்கள் முன்னாய்வு முறையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவர். இரண்டும் உண்மையே. ஆனால் மூன்றாவது உண்மை ஒன்றும் உண்டு. அந்த ஆய்வு வெற்றி பெற்றதற்குக் காரணம், பிரேசில் கொட்டையை முன்பே உண்டு ஒவ்வாமை கொண்ட மனிதர்கள் இருந்தமையே. அவர்தம் குருதி கிடைத்தது. வினாவுக்கு விடையும் கிடைத்தது. மனிதர் எவரும் உணவாக உண்டறியாத நுண்ணுயிரியின் புரதத்தை எவர் குருதியைக் கொண்டு சோதிப்பது?

சுவடி ஒப்பீடும் புரத ஒப்பீடும்

இவ்வினாவுக்கு விடை காண 2001-இல் உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு ஆய்வு நெறி ஒன்றை வகுத்தது. 2003-இல் கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர ஆணையம் வழிகாட்டு நெறிகளை ஏற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

இந்நெறியில் முதலில் வினவப்படுவது மரபணுவின் பிறப்பிடம். ஒவ்வாமை தருவதென அறியப்பட்ட உயிரிலிருந்து எடுத்ததாயின், அதன் புரதமும் ஒவ்வாமை தருமென்றே கொண்டு ஆய்வு தொடங்க வேண்டும். அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆக்கியவரைச் சேரும்.

அடுத்தது எழுத்து ஒப்பீடு. தமிழ் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். தமிழின் முதலெழுத்துகள் 30. புரதத்தின் எழுத்துகள் எனத்தக்க அமினோ அமிலங்கள் 20. எழுத்துகள் கோத்துச் சொல்லாவது போல் அமினோ அமிலங்கள் கோத்துப் புரதமாகின்றது. ஏட்டுச் சுவடி ஒன்று கிடைத்தால் பதிப்பாசிரியர் அதனை முன்னறிந்த நூல்களோடு வரி வரியாக ஒப்பிட்டு, இது எந்நூலின் வழி வந்தது எனத் தேர்வார். அதுபோலவே புதிய புரதத்தின் வரிசையை, இதுவரை அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதங்களின் வரிசைகளோடு கணிப்பொறியால் ஒப்பிடுவர். 80 எழுத்துகள் கொண்ட பகுதியில் 35 விழுக்காட்டிற்கு மேல், அதாவது 28-க்கு மேற்பட்ட எழுத்துகள் ஒத்திருப்பின் ஐயம் கொள்ள வேண்டும் என்பது கோடெக்ஸ் விதி. தொடர்ந்து வரும் 6 அல்லது 8 எழுத்துகள் அப்படியே ஒத்துள்ளனவா எனப் பார்ப்பதும் உண்டு.

இம்முறையின் குறையையும் சுவடி உவமையே விளக்கும். ‘வந்தனன்’ என்னும் சொல் இரு நூல்களில் இருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றின் வழிநூல் ஆகிவிடாது. அதுபோல் குறுகிய ஒப்புமை வீண் ஐயத்தைத் தரலாம். மறுபுறம், புரதம் மடிந்து சுருண்டு உருவம் பெறும்போது வரிசையில் தொலைவில் நின்ற எழுத்துகள் அருகருகே வந்து சேரும். எதிர்ப்பொருள் அவ்வுருவத்தையும் பற்றக் கூடும். வரியை மட்டும் படிப்பவர்க்கு அது புலப்படாது. மேலும், இதுவரை எவரும் பதிவு செய்யாத ஒவ்வாமையை எந்தப் பட்டியலிலும் தேட இயலாது.

செரிமானம், குருதி, விலங்கு

மூன்றாவது சோதனை செரிமானம். இரைப்பையின் அமிலத்தையும் பெப்சின் என்னும் நொதியையும் கலனில் கலந்து புதிய புரதத்தை அதில் இடுவர். ஒவ்வாமைப் புரதங்கள் பல எளிதில் சிதைவதில்லை. முழு உருவோடு குடலை அடைந்து காவல் அமைப்பைத் தூண்டுகின்றன. ஆகவே விரைவில் சிதையும் புரதம் ஓரளவு அச்சம் குறைந்ததெனக் கொள்வர். ஆயினும் இது முற்ற முடிந்த விதியன்று. எளிதில் சிதையும் பழப் புரதங்கள் சில, வாயில் பட்ட அளவிலேயே அரிப்பைத் தருகின்றன. அமிலச் சுரப்புக் குறைந்த முதியவர்க்கும், அமிலம் அடக்கும் மாத்திரை உண்பவர்க்கும், பச்சிளங் குழந்தைக்கும் இரைப்பை கலனைப் போல் செயற்படுவதில்லை. சமைக்கும் வெப்பத்தில் புரதம் நிலைக்குமா என்பதும் தனியே காணப்படும்.

நான்காவது, ஐயம் எழுந்தவிடத்து ஒவ்வாமை உடையோரின் குருதி நீர்ச் சோதனை. ஐந்தாவது, எலி முதலிய விலங்குகளில் சோதனை. விலங்கின் உடல் மனித உடலை முழுதும் ஒத்ததன்று. ஆதலின் அதன் முடிவைத் துணைச் சான்றாகவே கொள்வர்.

இவற்றுள் எதுவும் தனித்து முடிவு கூற வல்லதன்று. அனைத்தையும் சேர்த்துச் சான்றுகளின் எடையைக் காண வேண்டும் என்பதே கோடெக்ஸ் நெறியின் உயிர்நாடி. நம் செஞ்சிக் கோட்டையைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மராத்தியர் கோட்டைத் தொகுதியில் இடம்பெற்ற இக்கோட்டையின் வலிமை ஒரு மதிலில் இல்லை. ராஜகிரியின் உச்சியை அடைய வாயில் பல கடக்க வேண்டும். இறுதியில் ஆழ்ந்த பாறைப் பிளவையும் தாண்ட வேண்டும். ஒரு வாயிலில் தப்பியவன் அடுத்த வாயிலில் அகப்படுவான். ஒவ்வாமை ஆய்வின் அமைப்பும் அத்தகையதே. ஒரு வாயிலை மட்டும் காட்டிக் கோட்டை முழுதும் காக்கப்பட்டது என்பாரை நம்புதல் தகாது.

வாயில் தவறிய வரலாறுகள்

அமெரிக்காவில் ஸ்டார்லிங்க் என்னும் மக்காச்சோளத்தில் ‘கிரை-9சி’ என்ற பூச்சிக்கொல்லிப் புரதம் இருந்தது. அது வெப்பத்திலும் செரிமானச் சோதனையிலும் எளிதில் சிதையவில்லை. ஆதலின் 1998-இல் கால்நடைத் தீவனத்திற்கு மட்டுமே ஒப்புதல் தரப்பட்டது. ஆனால் வயலும் களமும் கிடங்கும் தாளில் எழுதிய எல்லையை மதிப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் மனிதர் உண்ணும் சோள அடைகளில் அது காணப்பட்டது. நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. ஒவ்வாமை போன்ற அறிகுறிகள் தமக்கு நேர்ந்ததாகக் கூறியவர்களின் குருதியை அரசு சோதித்தது. அப்புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்படவில்லை என 2001-இல் அறிக்கை வந்தது. எனினும் முற்றிலும் இல்லையெனக் கூற இயலாது என்றும் அவ்வறிக்கையே உரைத்தது. உடலுக்குத் தீங்கு மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் பிரித்து வைத்தல் என்னும் வாக்குறுதி பொய்த்தது மெய்ப்பிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் பட்டாணியைத் துளைக்கும் வண்டைத் தடுக்கப் பீன்ஸ் விதையின் புரதம் ஒன்றைப் பட்டாணியில் ஆக்கினர். மரபணு ஒன்றே எனினும், பட்டாணிச் செல் அப்புரதத்தின் மேல் சேர்த்த சர்க்கரை மூலக்கூறுகளின் அமைப்புச் சற்றே வேறுபட்டது. அதனை உண்ட எலிகளின் காவல் அமைப்பு தூண்டப்பட்டதென 2005-இல் அறிவிக்கப்பட்டது, திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மரபணு மாற்றாத பீன்ஸின் புரதத்திற்கும் எலிகள் அவ்வாறே எதிர்வினை காட்டின. முன்னைய முடிவை அப்படியே ஏற்பதற்கில்லை என்பது இதனால் தெரிகின்றது. அறிவியலில் முதல் தீர்ப்பே முடிந்த தீர்ப்பாவதில்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நம் நாட்டுக் கத்தரி

இந்தியாவில் இவ்விவாதம் கத்தரிக்காயைச் சுற்றியே வலுப்பெற்றது. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு அஞ்சி உழவர் மருந்து தெளிப்பது நம் ஊர்த் தோட்டங்களிலும் காண்பதே. அப்புழுவைக் கொல்லும் ‘கிரை-1ஏசி’ என்னும் புரதத்தின் மரபணு, பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற மண் நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்டது. மகிகோ நிறுவனம் இம்மரபணுவைக் கத்தரியில் பொருத்தியது. கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதனைப் பெற்று நம் நாட்டு இரகங்களில் சேர்த்தது. கடலூர் மாவட்டத்துப் பாலூரின் பெயர் தாங்கிய பி.எல்.ஆர். 1 என்னும் கத்தரியும் அவற்றுள் ஒன்று. ஆகவே இது தொலைதூரச் செய்தியன்று. நம் பக்கத்துக் காய்கறிச் சந்தையின் செய்தியே.

ஒவ்வாமை குறித்து மேற்கூறிய வாயில்களில் இது சோதிக்கப்பட்டது. அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதங்களோடு குறிக்கத்தக்க ஒப்புமை இல்லை. செரிமானக் கலனில் விரைவில் சிதைகின்றது. சமைத்த காயில் புரதம் காணப்படவில்லை. பழுப்பு நார்வே என்னும் எலியினத்தில் ஒவ்வாமை தோன்றவில்லை என நிறுவனம் அளித்த ஆவணங்கள் கூறின. மறுதரப்பார், இப்புரதத்தின் முன்வடிவம் எலிகளின் காவல் அமைப்பைத் தூண்டியதாக 1999 முதல் மெக்சிகோ ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரைகளைச் சுட்டினர். காவல் அமைப்பு தூண்டப்படுதல் வேறு, ஒவ்வாமை நோய் வேறு என்பது அதற்குரிய மறுமொழி. ஆனால் மக்களை உறுத்தியது வேறொன்று. சோதனைகளை நடத்தியதும் நடத்துவித்ததும் விற்பனை உரிமை கோரிய நிறுவனமே. அவ்வாவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி நெடிது போராடிய பின்னரே.

2009 அக்டோபர் 14-இல் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இக்கத்தரிக்கு இசைவு வழங்கியது. பின்னர் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9-இல் அதன் வெளியீட்டை நிறுத்தி வைத்தார். சார்பற்ற ஆய்வுகள் மக்களுக்கும் அறிவியலாளர்க்கும் நிறைவு தரும் வரை இத்தடை நீடிக்கும் என்பது முடிவு. அவ்வாண்டே குழுவின் பெயரிலிருந்த ‘ஒப்புதல்’ என்னும் சொல் நீக்கப்பட்டு ‘மதிப்பீடு’ என்னும் சொல் இடம் பெற்றது. சொல்லாராய்ச்சி பயில்வோர் இம்மாற்றத்தைக் கருதிப் பார்க்க வேண்டும். ஒப்புதல் முடிவை முன்கூட்டியே கூறுவது. மதிப்பீடு முடிவைச் சான்றுக்கு விட்டு வைப்பது. அண்டை நாடாகிய வங்காளதேசமோ 2013-இல் ஒப்புதல் தந்து, 2014 முதல் இக்கத்தரியைப் பயிரிட்டு வருகின்றது.

இங்கு மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. நம் பழைய கத்தரியே சிலருக்கு ஒவ்வாதது. கரப்பான் உள்ளவர் கத்தரி உண்ணலாகாது எனப் பெரியோர் கூறுவது நாம் அறிந்ததே. மைசூரில் 741 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் கத்தரி தமக்கு ஒவ்வவில்லை என்றனர். எதிர்ப்பொருள் சார்ந்த மெய்யான ஒவ்வாமை ஒரு விழுக்காட்டிற்கும் குறைவானவரிடமே உறுதிப்பட்டது. புதிய புரதத்தை மட்டும் நோக்காமல், மரபணுவைப் புகுத்தியதனால் காயின் சொந்தப் புரதங்கள் மிகுந்தனவா எனவும் நோக்க வேண்டும் என்பதற்கு இது காரணம். ஒருவர் ‘ஒவ்வவில்லை’ எனக் கூறுவதற்கும் குருதி அதனை உறுதி செய்வதற்கும் எத்துணை இடைவெளி உண்டு என்பதற்கும் இதுவே சான்று.

கீரை விதையும் கடுகும்

தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்து அசிஸ் தத்தாவும் அவர்தம் குழுவினரும், வடநாட்டார் ராஜ்கிரா என வழங்கும் கீரை விதையின் ‘அமா-1’ புரதத்தை உருளைக்கிழங்கில் ஆக்கினர். 2000-இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரை தன் தலைப்பிலேயே அதனை ஒவ்வாமை தராத புரதம் எனக் குறித்தது. மக்கள் முன்பே உண்டு பழகிய விதையிலிருந்து மரபணுவைத் தேர்ந்தமை அறிவுடைய செயல். பிரேசில் கொட்டை தந்த பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. எனினும் அக்கிழங்கு இதுவரை சந்தைக்கு வரவில்லை.

டி.எம்.எச்.-11 என்னும் கடுகுக்கு 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் வெளியீட்டு இசைவு கிடைத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அவ்விசைவு குறித்து மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். கடுகு தன் இயல்பிலேயே ஒவ்வாமைப் புரதம் உடைய பயிராதலின், மேற்கூறிய ‘சொந்தப் புரத’ ஒப்பீடு இதற்கு மிகவும் இன்றியமையாதது.

மரபணுக் கலை ஒவ்வாமையைக் கூட்ட மட்டுமே வல்லதென எண்ணுதலும் பிழையாகும். 2003-இல் அமெரிக்க ஆய்வாளர், சோயாவின் முதன்மையான ஒவ்வாமைப் புரதம் ஒன்று உருவாகாமல் மரபணுவை அடக்கிக் காட்டினர். கத்தி காயமும் செய்யும். அறுவை மருத்துவரின் கையில் உயிரும் காக்கும்.

அறியும் உரிமை

சோதனைச் சாலையின் வாயில்கள் அனைத்தையும் கடந்த பின்னும் ஒரு வாயில் எஞ்சி நிற்கிறது. அது நுகர்வோரின் அறிவு. ஒவ்வாமை பத்தாயிரத்தில் ஒருவருக்கு நேர்வதாயின், சில நூறு பேரைச் சோதிக்கும் எந்த ஆய்வும் அதனைக் காணாது. விற்பனைக்கு வந்த பின் தொடர்ந்து கண்காணித்தாலன்றி அது வெளிப்படாது. கண்காணிக்க வேண்டுமாயின் யார் எதனை உண்டார் எனத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமாயின் பொட்டலத்தில் பெயர் வேண்டும். பொட்டலமின்றிக் கூடையில் வைத்து விற்கும் நம் சந்தையில் கத்தரிக்காய்க்கு யார் பெயர் ஒட்டுவார்? ஸ்டார்லிங்க் கற்பித்த பாடம் அமெரிக்காவின் பெருங்கிடங்குகளுக்கே பொருந்துமாயின், நம் வாரச்சந்தைக்கு அது பன்மடங்கு பொருந்தும்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, மரபணு மாற்று உணவை உரிய விதிப்படியன்றி ஆக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ தடை விதிக்கின்றது. 2002-இல் இசைவு பெற்ற பி.டி. பருத்தியின் விதையெண்ணெய் உணவில் சேர்கின்றதே எனச் சிலர் வினவுவர். தூய்மை செய்த எண்ணெயில் புரதம் மிக மிக அரிதாகவே தங்கும். புரதம் பிண்ணாக்கோடு போய்விடும். ஆதலின் ஒவ்வாமை நோக்கில் எண்ணெயும் காயும் ஒன்றல்ல.

புலால் மறுத்தோர் தம் உணவில் புலால் கலந்துள்ளதா என வினவுகின்றனர். ஹலால் பேணுவோர் உணவின் மூலத்தை வினவுகின்றனர். ஒவ்வாமை உடைய குழந்தையின் தாய் ஒவ்வொரு பண்டத்தையும் வினவி வாங்குகின்றாள். மூவர் வினாவும் ஒன்றே: ‘இதனுள் இருப்பது யாது?’ அவ்வினாவுக்கு நேரான விடை பெறுவது சலுகையன்று, உரிமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. புதிய புரதம் யாவும் ஒவ்வாமை தரும் என்பது அச்சம்; எதுவும் தராது என்பது விளம்பரம். இரண்டிற்கும் இடையே நிற்பது ஆய்வு. அவ்வாய்வும் ‘தீங்கு இல்லை’ என ஒருநாளும் முழங்காது; ‘இவ்வாயில்களில் தேடினோம், காணவில்லை’ என்றே அடக்கமாக உரைக்கும். அவ்வடக்கத்தைப் பலவீனமாகக் கருதுவோர் அறிவியலை அறியாதோர்.

மரபணு மாற்றுப் பயிர் குறித்த செய்தியைப் படிக்கும் மாணவர்கள் ஐந்து வினாக்களை மனத்தில் இருத்துதல் நன்று. மரபணு எவ்வுயிரிலிருந்து வந்தது? அதன் புரதம் அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதத்தை ஒத்ததா? அது செரிமானத்திலும் சமையலிலும் சிதைகின்றதா? சோதித்தவர் யார், சோதனை முடிவைப் பிறர் காண இயலுமா? ஒவ்வாதவர் அதனை அறிந்து விலக்க வழி உண்டா? முதல் மூன்றும் அறிவியலாளர் விடை கூற வேண்டியவை. பின்னிரண்டும் அரசும் மக்களும் விடை காண வேண்டியவை.

அவ்விடைகள் ஆங்கில ஆவணங்களிலேயே உறங்குமாயின் செஞ்சியின் உழவர்க்கும் காய் விற்கும் தாய்மார்க்கும் அவற்றால் பயனில்லை. புரதத்தின் எழுத்துகளைப் படிக்க அறிவியலார் உள்ளனர். அவர்கள் படித்ததை நம் எழுத்தில் ஆக்கித் தருவது தமிழ் பயில்வோர் கடன். ஒவ்வாத உணவை விலக்கிக் கொள்ளும் அறிவு ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும். அவ்வறிவு அதன் தாய்க்குத் தாய்மொழியில் சென்று சேர வேண்டும்.